எழுதி வாங்கியதோடு மூடிய கோப்பு: காசிமேட்டுச் சிறுமி ஒருத்தியின் நிகழ்வு ஆய்வு

குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது எங்கள் வேலை. ஒரே பெண்ணுக்காக ஒரு மாதத்துக்குள் இரண்டு முறை ஓடினோம். முதல் முறை, கல்யாணத்தை நிறுத்திவிட்டோம் என்று நினைத்துத் திரும்பி வந்தோம். இரண்டாம் முறை போனபோது அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. இடையில் எங்கே தவறினோம் என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். பெயர் எதுவும் சொல்லவில்லை, ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். களப்பணிக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு இது பயன்படலாம்.

மே மாதம்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரம் அது. பெண்ணுக்குப் பதினைந்து வயது ஒன்பது மாதம். ஐந்நூறுக்கு 412 எடுத்திருந்தாள். மதிப்பெண் குறுஞ்செய்தி அப்பாவின் போனுக்குப் போனதால், பாஸானது அவளுக்கே சாயங்காலம்தான் தெரிந்தது. காமர்ஸ் குரூப் எடுக்க வேண்டும் என்று தோழியிடம் சொல்லிவைத்திருந்தாள். அந்தத் தோழிதான் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்தது. 'ஞாயித்துக்கெழம அவளுக்குக் கல்யாணம்னு சொல்றாங்க, அவ அழுதுட்டே இருக்கா' என்பதற்கு மேல் தோழிக்கும் ஒன்றும் தெரியவில்லை.

எங்கள் வேலையில் மே மாதம்தான் பயம். பள்ளிக்கூடம் லீவு, வருகைப் பதிவேடு கிடையாது, ஒரு பெண் நான்கு நாள் காணவில்லை என்றால் கேட்க ஆள் இல்லை. மீனவர் பகுதியில் இதோடு தடைக்காலமும் சேர்ந்துகொள்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்களின் இனப்பெருக்கத்துக்காக, விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. ஆண்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள், சொந்தக்காரர்களைக் கூட்டுவது சுலபம். வருமானம் நின்றுவிடும், கடன் வசூலிக்கிற தண்டல்காரர் மட்டும் தினமும் வந்துவிடுவார். ஆடி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது. ஆக, செய்கிற கல்யாணத்தை வைகாசி ஆனிக்குள் செய்துவிடவேண்டும் என்ற அவசரம்.

வீடு சந்துக்குள் சந்தாக இருந்தது. ஒரே அறை, வாசலில் இரண்டு நீல டிரம், மேலே பாதி தகரம். அம்மா மீன் விற்கிறவர். ஏலம் விடியுமுன்பே தொடங்கிவிடும், ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினால்தான் சரக்குக் கிடைக்கும். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், போனால் திரும்பப் பல நாள் ஆகும். கதவின் உள்தாழ்ப்பாள் கழன்றுபோய், அதை வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நுழையும்போதே அதைப் பார்த்தேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது யோசிக்கவில்லை.

மாப்பிள்ளை தாய்மாமன். அம்மாவின் கடைசித் தம்பி, இருபத்தேழு வயது, பழவேற்காடு பக்கம் குப்பம். அக்காவின் தண்டல் கடன் அறுபதாயிரத்தை அவர்தான் அடைத்திருந்தார். 'அதுக்காகத்தான் பொண்ணு கேக்கறானா' என்று கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். அந்தக் கோபம் நியாயம்தான். காசுக்குப் பெண்ணைக் கொடுக்கிற வீடு இல்லை அது. நடந்தது வேறு. வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ஒரு பையன் தனியாக 'ஹாய்' அனுப்பி, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயமும் போட்டிருந்தான். அதை அத்தை மகன் பார்த்துவிட்டான். போனைப் பிடுங்கி வைத்தார்கள். ஒரே வாரத்தில் மாமனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விசாரணை

அரசுத் துறை சார்பில் ஒருவர், இரண்டு காவலர்கள், எங்கள் அமைப்பிலிருந்து நானும் இன்னொருவரும் போனோம். வாசலில் பந்தல் கம்பு வந்து இறங்கியிருந்தது. உள்ளே தாம்பாளங்கள் அடுக்கியிருந்தன, அதில் ஒன்றில் பட்டு வேட்டியும் சட்டைத் துணியும்.

முதலில் ஆதார் அட்டையை நீட்டினார்கள். அதில் பிறந்த வருடம் மூன்று வருடம் முன்னால் போயிருந்தது, அதன்படி பதினெட்டு முடிந்துவிட்டது. இந்த இடத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். வயதை எப்படித் தீர்மானிப்பது என்பதற்கு இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 94-இல் வரிசை இருக்கிறது. முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லாவிட்டால் மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையிலேயே இல்லை. பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழின் நகலை முந்தின நாளே வாங்கி வைத்திருந்தோம். அதைக் காட்டியதும் பேச்சு மாறியது.

'கல்யாணம்னு யாரு சொன்னது மேடம்? பூதான் வெக்கறோம். பதினெட்டு முடிஞ்சப்புறம்தான் கல்யாணம்' என்றார் அம்மா. பூ வைப்பது என்றால் நிச்சயம் செய்வது.

எங்களோடு வந்த ஒருவர் பெண்ணைக் கூப்பிட்டார். அம்மா, ஆயா (அம்மாவின் அம்மா), மாமன், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் நிற்க, 'உனக்கு இதுல சம்மதமாம்மா?' என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். வேறு என்ன செய்திருக்க முடியும்? கேட்ட இடமும் தப்பு, கேள்வியும் தப்பு. பதினெட்டு முடியாத பெண்ணின் சம்மதத்தைச் சட்டம் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. மனித உரிமைகளுக்கான 1948-ஆம் ஆண்டு உலகப் பிரகடனம், மணம் செய்துகொள்ளும் இருவரும் முழு மனதோடு, சுதந்திரமாகச் சம்மதித்தால்தான் திருமணம் என்கிறது. அந்தச் சுதந்திரம் பத்துக்குப் பன்னிரண்டு அறையில், கடன் அடைத்த மாமன் முன்னால் நிற்கிற பிள்ளைக்கு எங்கே இருந்து வரும்? தனியாக, ஒரு பெண் பணியாளர் பத்து நிமிடம் பேசியிருக்க வேண்டும். அன்று நானே அதைக் கேட்டு வாங்கவில்லை.

அம்மாவிடம் புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய். 2022 செப்டம்பர் 5 அன்று இங்கே பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான் அதைத் தொடங்கிவைத்தார்கள். முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண நிதியுதவியை இப்படிப் படிப்புக்கு மாற்றினார்கள் என்றெல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

'அது காலேஜுல சேர்ந்தாதான மேடம். அதுக்கு ரெண்டு வருஷம் கெடக்குது. நான் ராத்திரி ரெண்டு மணிக்குக் கூடைய தூக்கிட்டுப் போறேன், இவங்கப்பா கடல்ல. நடுவுல யாரு காவல்?'

என்னிடம் பதில் இல்லை. வலைக்கயிறு கட்டிய தாழ்ப்பாள் அப்போதுதான் புரிந்தது.

கடைசியில் வழக்கம்போல் எழுதி வாங்கினோம். 'பதினெட்டு வயது பூர்த்தியாகும் வரை எங்கள் மகளுக்குத் திருமணம் செய்யமாட்டோம், மீறினால் சட்டப்படியான நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறோம்.' அப்பா கையெழுத்து, அம்மா கைநாட்டு, இரண்டு சாட்சிகள். ஞாயிற்றுக்கிழமை பந்தல் போடவில்லை, வீட்டுக்குள்ளேயே பூ மட்டும் வைத்தார்கள். 'தடுக்கப்பட்டது' என்று எழுதி நாங்கள் கோப்பை முடித்தோம்.

செய்திருக்க வேண்டியது

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இல் நிச்சயதார்த்தம் குற்றம் இல்லை. இந்த ஓட்டையை 2024 அக்டோபர் 18 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டி, நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்று சொன்னது. 'பூதான வெக்கறோம்' என்றதும் எங்கள் கை கட்டுப்பட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டோம். யோசித்துப் பார்த்தால் விஷயம் நேர் எதிர். அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, ஒரு குழந்தைத் திருமணம் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தாலே மாஜிஸ்திரேட் தடையாணை போடலாம் என்கிறது. பூ வைத்தது குற்றம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் கல்யாணம் ஏற்பாடாகிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு என்ன வேண்டும்? பட்டு வேட்டி வைத்த தாம்பாளத்தைப் படம் எடுத்து மனுவோடு வைத்திருந்தால் போதும். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் மட்டும்தான் போகவேண்டும் என்றும் இல்லை. விஷயம் நேரடியாகத் தெரிந்த யாரும், தொண்டு நிறுவனமும்கூட, மனு கொடுக்கலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பாமலே இடைக்காலத் தடை வாங்கலாம். தமிழ்நாட்டில் இந்த அலுவலர் பொறுப்பு மாவட்ட சமூக நல அலுவலரிடம் இருக்கிறது.

எழுதி வாங்கிய தாளுக்கும் தடையாணைக்கும் என்ன வித்தியாசம் என்று புதியவர்கள் கேட்பார்கள். வெள்ளைத் தாளை மீறினால் அந்தத் தாளுக்காகத் தண்டனை ஒன்றும் இல்லை. தடையாணையைத் தெரிந்தே மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்களுக்குச் சிறைத் தண்டனை கிடையாது. அதைவிடப் பெரியது 14-ஆம் பிரிவு: தடையாணைக்குப் பிறகு கட்டிய தாலி தொடக்கத்திலிருந்தே செல்லாது. ஆணை இல்லாமல் கட்டிவிட்டால், ஆள்கடத்தல் போன்ற சில சூழ்நிலைகளைத் தவிர, அது சட்டப்படி ஒரு திருமணமாகவே நிற்கும். வேண்டாம் என்றால் பெண்தான் நீதிமன்றத்துக்குப் போய் ரத்து செய்துகொள்ள வேண்டும்.

இது எப்படிப்பட்ட சட்டம் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு, எனக்கும் கோபம்தான். 1929-இல் சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு வயது என்று வைத்தது, 1978-இல் அது பதினெட்டு ஆனது, ஆனாலும் நடந்துவிட்ட கல்யாணத்தைத் தானாகச் செல்லாததாக்க இன்றுவரை சட்டம் முன்வரவில்லை. பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையில் குழந்தையின் நிச்சயதார்த்தத்துக்கும் திருமணத்துக்கும் சட்ட மதிப்பே கிடையாது என்று இருக்கிறது. இந்தியா 1980-இல் அதில் கையெழுத்திட்டு, 1993-இல் அதை ஏற்று உறுதிசெய்தது. ஐ.நா. சொன்னதும் காசிமேட்டுச் சந்தில் நடப்பதும் அவ்வளவு தூரத்தில் இருக்கின்றன.

தமிழ்நாடு பரவாயில்லை என்ற நினைப்பும் நம் மெத்தனத்துக்கு ஒரு காரணம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், இருபதிலிருந்து இருபத்து நான்கு வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன்பே மணமானவர்கள் இந்தியாவில் 23.3 சதவீதம், இங்கே 12.8. முந்தைய ஆய்வில் 16.3 ஆக இருந்து குறைந்ததுதான். ஆனாலும் நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் ஐந்து பேர் என்று வைத்துப் பாருங்கள்.

பத்தொன்பது நாள்

நாங்கள் போய்ப் பார்க்கவில்லை, போன் செய்தோம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது 'ஆயா வீட்டுக்குப் போயிருக்கா, லீவுதான' என்றார் அம்மா. சரி என்று வைத்துவிட்டோம். ஆயா வீடு பழவேற்காடு. மாமன் வீடும் அதே வீடு. இது எங்கள் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கிறது. சென்னையிலிருந்து திருவள்ளூர் மாவட்டத்துக்குள் போய்விட்டால் அலுவலர் வேறு, காவல் நிலையம் வேறு. எங்களுக்கு இது தெரியும், அந்த வீட்டாருக்கும் தெரிந்திருந்தது.

பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, அங்கே வீட்டுக்குள்ளேயே தாலி கட்டினார்கள். மண்டபம், ஐயர், பத்திரிகை எதுவும் இல்லை. நம் ஊரில் கல்யாணத்துக்கு ஐயர் தேவையில்லை என்று 1967-இல் சுயமரியாதைத் திருமணத்துக்காகக் கொண்டுவந்த திருத்தத்தை நினைத்து நாம் பெருமைப்படுகிறோம். சொந்தபந்தம் நாலு பேர் முன்னால் மாலை மாற்றினால் போதும் என்ற அந்த எளிமையை இப்படியும் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண் தனக்குத் தூரம், அதாவது மாதவிலக்கு, என்று சொல்லிவிட்டாள். பொய்தான். அவளாக யோசித்த பொய். அந்த வீட்டு வழக்கப்படி மூன்று நாள் வெளித் திண்ணையில், தனிப் பாய், தனித் தட்டு. எத்தனையோ பெண்களை ஒதுக்கிவைக்கிற பழக்கம் அவளுக்கு மூன்று நாள் வேலி ஆனது. இரண்டாம் நாள் மத்தியானம் அக்கம்பக்கத்துப் பையன் ஒருவன் திண்ணையில் உட்கார்ந்து போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தான். ஒரு லெவலைத் தாண்ட முடியாமல் திணறியவனிடம், 'குடு, நான் முடிச்சுத் தரேன்' என்று வாங்கிக்கொண்டாள். பள்ளிச் சுவரில் பார்த்த எண் அவளுக்கு மறக்கவில்லை. பத்து, ஒன்பது, எட்டு.

அவள் பேசியதன் குறிப்பு என்னிடம் வந்தது. 'எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. எனக்குப் பதினஞ்சுதான். தூரம்னு சொல்லியிருக்கேன். நாளைக்கு வரைக்கும்தான் டைம்.'

இப்படி ஒரு தகவலை என் பத்து வருட வேலையில் யாரும் கொடுத்ததில்லை. நடந்தது, வயது, அபாயம், கெடு எல்லாம் நாலு வரியில். பேசி முடித்துவிட்டு அந்த லெவலையும் முடித்துக் கொடுத்தாளாம்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் திருவள்ளூர் தரப்பிலிருந்து ஆட்கள் போய்விட்டார்கள். நாங்களும் போய்ச் சேர்ந்தோம். ஆயா மண்ணை வாரித் தூற்றினார். அந்த ஒரு நாள் தாமதமாகியிருந்தால் வழக்கே வேறு. பதினெட்டுக்குக் கீழ் உள்ள மனைவியோடு உறவுகொள்வதும் பாலியல் வன்கொடுமைதான் என்று 2017 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் பாயும். மாமனைப் பல வருட ஜெயிலிலிருந்து காப்பாற்றியது அந்தப் பெண் சொன்ன பொய்தான் என்று ஆயாவிடம் சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை.

காப்பகம்

இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தினார்கள், பிறகு கோப்பு சென்னைக்கு மாறியது. தடைச் சட்டத்தில், குழந்தையை மணந்ததற்காக மாமன்மேல் பிரிவு 9, அதை நடத்த விட்டதற்காக அப்பாமேல் பிரிவு 11. மாமன் சில வாரம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார்.

பெண் 37 நாள் காப்பகத்தில் இருந்தாள். சோறு நல்ல சோறு, அடி உதை கிடையாது. ஆனால் வாசலில் பூட்டு, போன் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. பதினோராம் வகுப்பு தொடங்கி முதல் மாதம் ஓடிவிட்டது. இரண்டாவது முறை நான் போனபோது கேட்டாள்: 'தப்பு பண்ணவங்க எல்லாம் வீட்ல இருக்காங்க. நான் ஏன்க்கா இங்க இருக்கேன்?'

அவளுடைய பாதுகாப்புக்குத்தான் என்று சொன்னேன். எனக்கே அது கொஞ்சம் அம்மாவின் 'யாரு காவல்?' போலக் கேட்டது. பெண் பிள்ளையைக் காக்க அவளையே பூட்டி வைப்பதைத் தவிர எங்களுக்கும் வேறு வழி தெரியவில்லை என்றால், வலைக்கயிறு கட்டியவரை நான் எப்படிக் குறை சொல்வது?

வெளியே கொண்டுவர வழி அவளே சொன்னாள். வியாசர்பாடியில் பெரியம்மா, அம்மாவின் அக்கா, ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை. பகல் ஷிஃப்ட் மட்டும்தான், ராத்திரி வீட்டில் இருப்பார். குழு விசாரித்து, மாதம் ஒரு முறை பார்வையிடுவது என்ற நிபந்தனையோடு அங்கே அனுப்பியது. இந்தப் பெரியம்மாவைப் பற்றி முதல் வெள்ளிக்கிழமையே கேட்டிருந்தால் அம்மாவின் கேள்விக்குப் பதில் இருந்திருக்கும். குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பதற்கு எங்கள் படிவத்தில் ஒரு கட்டம்கூட இருக்கிறது. அன்று அதில் 'தகவல் இல்லை' என்று எழுதியவர் நான்.

பள்ளியில் சேர அசல் மதிப்பெண் சான்று வேண்டும். அது அம்மாவின் பீரோவில். மூன்று முறை ஆள் அனுப்பியும் தரவில்லை. பிறகு ஒரு நாள், ஏலம் முடிந்து நேராக, குழு அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். கூடையின் அடியில், இரண்டு பாலிதீன் கவருக்குள் மடிக்காமல் வைத்திருந்தார் சான்றிதழை. ஓரத்தில் கொஞ்சம் ஐஸ் தண்ணீர் ஏறியிருந்தது. 'கேஸுல நான் சேரமாட்டேன். இத மட்டும் குடுத்துடுங்க' என்றார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை.

ரத்து மனு

தடைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் ரத்து கேட்கலாம். பெண் பதினெட்டு முடிந்து இரண்டு வருடத்துக்குள், அதாவது இருபது நிறைவதற்குள், எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம். மைனராக இருக்கும்போதே போடுவதென்றால் காப்பாளரோ நலம் நாடும் நண்பரோ, தடுப்பு அலுவலரோடு சேர்ந்து போடவேண்டும். பெற்றோர் வரமாட்டார்கள் என்பதால் பெரியம்மா பெயரில் குடும்ப நீதிமன்றத்தில் போட்டோம். காத்திருக்கலாமே என்று ஒரு வக்கீல் சொன்னார். வயது ஏற ஏற 'கட்டின தாலி கட்டினதுதான்' என்று சமாதானம் பேச ஆட்கள் கூடுவார்கள், அதனால் உடனே போடுவது நல்லது என்பது என் அனுபவம்.

ரத்தாகும்போது கல்யாணத்தை ஒட்டி வாங்கிய நகை, பணம், பொருளை இரு தரப்பும் திருப்பிக் கொடுத்துக்கொள்ள வேண்டும். அரை சவரன் தாலியும் பட்டுப் புடவையும் பிரச்சினை இல்லை. அந்த அறுபதாயிரம்தான் அம்மாவை அரித்துக்கொண்டிருந்தது. அது கல்யாணத்துக்கு முன்னால் அக்காவுக்குத் தம்பி செய்த உதவி, கல்யாணத்துக்காகக் கொடுத்தது இல்லை என்று எங்கள் வக்கீல் சொல்லியிருக்கிறார். எதிர்த்தரப்பு எப்படிச் சொல்லப்போகிறது என்று பார்க்கவேண்டும். சட்டம் எப்படிச் சொன்னாலும் அக்காவும் தம்பியும் அதை ஒரு வருத்தமாகவே வைத்துக்கொள்வார்கள்.

இப்போது இந்த மாதிரி அழைப்பு வந்தால் நாங்கள் எழுதி வாங்குவதில்லை என்று சொல்ல ஆசைதான். வாங்குகிறோம், ஆனால் அன்றைக்கே 13-ஆம் பிரிவு மனுவையும் தயார் செய்கிறோம், மாப்பிள்ளை வீடு வேறு மாவட்டம் என்றால் அந்த மாவட்ட அலுவலருக்கும் நகல் போகிறது. போன் விசாரணையை விசாரணையாகக் கணக்கில் வைப்பதில்லை, பெண்ணை நேரில் பார்க்காமல் கோப்பு மூடுவதில்லை.

பெண் இப்போது பதினோராம் வகுப்பு, காமர்ஸ் குரூப். விட்டுப்போன பாடத்தைத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள். முதலில் போன் செய்த அதே தோழி. இரண்டு வாரம் முன்பு அடுத்த வாய்தா தேதி வந்ததும் அவளுக்குச் சொன்னேன். காலண்டரைப் பார்த்துவிட்டு, 'அன்னிக்குக் காலாண்டுப் பரீட்சை, அக்கவுண்டன்சி. வேற தேதி கேக்க முடியுமாக்கா?' என்றாள். வக்கீல் மெமோ போட்டிருக்கிறார்.